பிள்ளைக்கு டேப்லெட் வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

ஓணத்துக்கு எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் கடைக்குக் கடை தள்ளுபடி என்றால், இந்தப் பக்கம் மார்த்தாண்டமும் நாகர்கோவிலும் சும்மா இருக்குமா? அப்படி ஒரு ஓண விடுமுறை மத்தியானத்தில் மைனி (அண்ணன் மனைவி) மார்த்தாண்டத்துக் கடை ஒன்றில் நின்றுகொண்டு போன் பண்ணினார்.

"தம்பி, சின்னவளுக்கு ஒரு டேப் பாத்தேன். எட்டு ஜிபி ராமாம். பத்தாயிரத்துக்குள்ள தாறாங்க. எடுக்கட்டா?"

"டப்பாவைத் திருப்பி, பின்னால ஒட்டியிருக்க சீட்டைப் படிங்க மைனி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாலு கூட்டல் நாலுன்னு பொடி எழுத்துல போட்டிருக்கு" என்றார்.

அந்தக் கூட்டல் குறியிலிருந்தே தொடங்கலாம்.

நாஞ்சில்நாட்டுப் பழைய வீடுகளில் நெல் போட்டுவைக்க ஒரு பத்தாயம் இருக்கும். அடுப்பங்கரையில் காய் அரிவதற்கு ஒரு மேடை இருக்கும். டேப்பில் சேமிப்பிடம் என்பது பத்தாயம், ராம் என்பது மேடை. படம், பாட்டு, செயலி எல்லாம் கிடப்பது பத்தாயத்தில். பிள்ளை ஒரு செயலியைத் தொட்டதும் அது மேடைக்கு வரும். மேடை சின்னதாக இருந்தால் ஒன்றை வைக்க இன்னொன்றை எடுத்து உள்ளே போட வேண்டும். பிள்ளை ஏதோ படம் வரைந்துகொண்டிருக்கிறாள், நடுவில் அப்பாவின் வீடியோ கால் வருகிறது, பேசி முடித்துத் திரும்பினால் வரைந்த படத்தைக் காணோம். செயலி முதலிலிருந்து திறந்து நிற்கிறது. பெரியவர்களுக்கு அது எரிச்சல். ஐந்து வயதுக்காரிக்கு அது ஒரு சாயங்கால அழுகை.

'நாலு கூட்டல் நாலு' என்றால் உண்மையான மேடை நாலு ஜிபிதான். மிச்ச நாலு, பத்தாயத்தில் ஒரு மூலையை ஒதுக்கி அதையும் மேடைக் கணக்கில் சேர்த்துச் சொல்வது. பத்தாயத்துக்குள் குனிந்து நின்று காய் அரிந்தால் எவ்வளவு வேகமாக நடக்குமோ அவ்வளவு வேகம்தான் அதில் கிடைக்கும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கூட்டிச் சொல்கிறார். நீங்கள் கூட்டலுக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிலையில் சின்னப் பிள்ளைக்கு நாலு போதும், ஆறு என்றால் தாராளம். இரண்டும் மூன்றும் வேண்டாம்.

ராம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக மலிவு விலையில் 'ஆகாஷ்' என்ற டேப்லெட்டை அறிமுகம் செய்தது. ஏழு அங்குலத் திரை, 256 எம்பி ராம், அதாவது கால் ஜிபி. தொடுதிரையும் விரலால் அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகை. நோக்கம் நல்லதுதான். ஆனால் தொட்டு, காத்திருந்து, மறுபடி தொட்டுப் படிக்க எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்?

சரி, இந்த எண் கணக்குக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு என்ன வயது?

இரண்டு வயதுக்குள் என்றால் கடைக்கே போக வேண்டாம். அந்த வயதில் எந்தத் திரையும் கூடாது, எப்போதாவது உறவினரோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விதிவிலக்கு என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டல். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதையும் இருபது முப்பது நிமிடத் துண்டுகளாகப் பிரித்து. ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் சின்ன வயதுகளுக்கு ஏறக்குறைய இதே கணக்குதான்: ஐந்து வயதுக்குள் ஒரு மணி நேரம், குறையக் குறைய நல்லது.

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கிறுக்கத்தான் ஏதாவது வேண்டும் என்றால் சில நூறு ரூபாய்க்கு எல்சிடி எழுதுபலகை கிடைக்கிறதே, அதை வாங்கிக் கொடுங்கள். இன்டர்நெட் கிடையாது, வெளிச்சம் கிடையாது, அழிப்பதற்கு ஒரு பொத்தான். அந்தத் திரை அழுத்தத்தில் நிறம் மாறுகிற வகை என்பதால் எழுதுவதற்கு மின்சாரமே தேவையில்லை, அழிக்க மட்டும்தான் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. அந்தப் பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடும். விழுங்கினதாகச் சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிதான்.

மைனியின் மகளுக்கு ஐந்தரை வயது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. அண்ணன் சார்ஜாவில். ஆகவே டேப் அந்த வீட்டில் பாதி பள்ளிக்கூடம், பாதி அப்பா. இப்படி எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்துவிட்டால், கடைக்காரர் அடுக்குகிற எண்களில் பாதியைக் காதில் வாங்காமல் விட்டுவிடலாம். பின்கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கவே வேண்டாம். ப்ராசஸர் பெயரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். கடையிலேயே இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து மாற்றி மாற்றிப் பாருங்கள், திணறினால் அங்கேயே தெரிந்துவிடும்.

பத்தாயத்தின் அளவில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். மூன்று வருஷத்துக்கு முன் என் மகனுக்கு 32 ஜிபி டேப் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் நாள் திறந்து பார்த்தால் பாதி இடம் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தது, ஆண்ட்ராய்டும் கம்பெனி போட்டு அனுப்பிய செயலிகளும்தான். ஆறே மாதத்தில் 'இடம் போதவில்லை' என்று தினமும் ஒரு அறிவிப்பு. எதையாவது அழித்தால்தான் வேறொன்று. கடைசியில் மகன் பாடின பாட்டு வீடியோவையெல்லாம் அழிக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து யார் கேட்டாலும் 64 ஜிபிக்குக் கீழே வேண்டாம், 128 கிடைத்தால் யோசிக்காதீர்கள் என்கிறேன். மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் நல்லதுதான், ஆனால் கார்டில் பெரும்பாலும் படமும் வீடியோவும்தான் போகும், செயலிகள் உள்ளே இருக்கும் இடத்தைத்தான் கேட்கும். ஐபேடில் கார்டு போடும் துளையே கிடையாது.

அந்தப் பழைய டேப்பைக் கடைசியில் மூலையில் போட வைத்தது வேறொரு காரணம். அதை டப்பாவின் பின்பக்கத்தில்கூட ஒழுங்காக எழுதியிருக்க மாட்டார்கள்: எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும் என்பது.

ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கதவுப் பூட்டு கெட்டால் வந்து மாற்றித் தருவேன் என்று கொத்தனார் சொல்லும் வாக்கு மாதிரி அது. திருடர்கள் புதிய சாவி கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார்கள். அப்டேட் என்பது பூட்டை மாற்றுவது. கம்பெனி அதை நிறுத்திய பிறகும் டேப் ஓடும், ஆனால் பூட்டு பழையது. கொஞ்ச காலம் போனதும் புதிய செயலிகள் 'உங்கள் ஆண்ட்ராய்டு பழையது' என்று உள்ளேயே வராது. என் மகன் டேப்புக்கு ஒரே ஒரு அப்டேட் வந்தது, அதோடு சரி. பெயர்தெரியாத கம்பெனிகளின் மலிவு டேப்புகளில் இது வழக்கம்.

கடையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு எத்தனை என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 வந்தது 2022-இல், 14 வந்தது 2023-இல், 15 வந்தது 2024-இல், 16 வந்தது 2025-இல். புதிது என்று விற்கிற டேப்பில் 13 இருந்தால் அது கடையில் தூசி தட்டிய பழைய சரக்கு. அதே திரையில் பாதுகாப்பு அப்டேட் தேதி ஒன்றும் இருக்கும். அது ஒரு வருஷத்துக்கு முந்தையது என்றால் டப்பாவை மூடிக் கொடுத்துவிடுங்கள். பிறகு கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு எத்தனை வருஷம் அப்டேட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்த ஒரு விஷயத்தில் ஐபேட் முன்னால் நிற்கிறது. 2019-இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேடுக்கு 2024-இல் வந்த ஐபேட் ஓஎஸ் 18 வரை கிடைத்தது. விலைதான் இடிக்கும்: 128 ஜிபி அடிப்படை ஐபேட் 2025 மார்ச்சில் வந்தபோது 34,900 ரூபாய். அதை வாங்க முடிகிறவர்கள் ஐந்தாறு வருஷத்துக்குப் பங்கு போட்டுப் பார்த்தால், பத்தாயிரம் ரூபாய் டேப்பை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவதிலிருந்து பெரிய வித்தியாசம் வராது. ஆனால் அவ்வளவு விலையுள்ள கண்ணாடியை ஐந்து வயதுக் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. நான் ஆண்ட்ராய்டு பக்கம், நல்ல கம்பெனி, நடுத்தர விலை.

இனி திரை. பெட்டியில் போட்டிருக்கும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் எட்டரைக்கும் பதினொன்றுக்கும் இடையில். பெரிது நல்லதுதானே என்று தோன்றும். பதினொரு அங்குல டேப் ஏறக்குறைய அரைக்கிலோ வரும், உரித்த தேங்காய் ஒன்றின் கனம். அதற்கு ஒரு பஞ்சு கவரும் போட்டு, ஐந்து வயதுப் பிள்ளையைப் பத்து நிமிடம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மடியில் இறக்கும், அப்புறம் தரையில் குப்புறப் படுக்கும், மூக்கு திரையில் ஒட்டும். எட்டரை அங்குலம் சுமார் முந்நூற்றைம்பது கிராம்தான். கையில் பிடித்து விளையாடத்தான் என்றால் சின்னது. மேசையில் ஸ்டாண்டில் நிறுத்திப் படிக்க என்றால் பெரியது.

அங்குலத்தைவிட முக்கியம் திரையில் எத்தனை புள்ளிகள் என்பது. தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். பத்து அங்குலத் திரையில் 1280-க்கு 800 என்றால் ஒரு அங்குலத்துக்கு சுமார் 150 புள்ளி. 1920-க்கு 1200 என்றால் சுமார் 225. ஆங்கில எழுத்துக்கு முதலாவதே போதும். நம் எழுத்தோ சுழியும் புள்ளியுமாக இருக்கிறது. ண-வுக்கும் ன-வுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுழி. க-வுக்கும் க்-குக்கும் நடுவில் இருப்பது தலையில் ஒரு பொட்டு. மங்கலான திரையில் அந்தப் பொட்டு எழுத்தோடு அப்பிக்கொள்ளும். கடையில் ஏதாவது தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, எழுத்தைச் சின்னதாக்கி, 'கண்ணன்', 'மன்னன்' என்று வருகிற இடத்தைப் பாருங்கள். உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

முன்கேமரா பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார், ஆகவே நான் பேசுகிறேன். டேப்பைப் படுக்கைவாட்டில் ஸ்டாண்டில் வைத்துத்தான் வீடியோ கால் பேசுவோம். கேமரா குறுகிய பக்கத்தில் இருந்தால், படுக்க வைத்ததும் அது இடப்பக்கமோ வலப்பக்கமோ போய்விடும். பிள்ளை திரையில் அப்பா முகத்தைப் பார்த்துப் பேசும். அங்கே அப்பாவுக்குத் தெரிவது ஒரு காதும் பக்கத்துச் சுவர்க் காலண்டரும். கேமரா நீளப் பக்கத்தின் நடுவில் இருந்தால் நேருக்கு நேர் முகம் தெரியும். ஐபேடே 2022-இல்தான் அடிப்படை மாடலில் கேமராவை இந்தப் பக்கத்துக்கு மாற்றியது. பெட்டியில் இதற்கென்று ஒரு எண் கிடையாது, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

சிம் போடுகிற மாடலா, வைஃபை மட்டுமா? சின்னப் பிள்ளைக்கு வைஃபை மட்டும் என்பதே என் பக்கம். விலையும் குறைவு, இன்டர்நெட் எப்போது வேண்டும் என்பதும் உங்கள் கையில் இருக்கும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்கலாம். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேர வீடியோ சுமார் அரை ஜிபி தின்னும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கம் வீடு இருப்பவர்களுக்கு, சிக்னல் கிடைக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்ப்பதுதான் வசதி. அவர்களுக்குத்தான் பத்தாயம் பெரிதாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவரும் டேப்புக்கு வருவோம். புதியதாக இருந்தால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று வாங்கும் முன்னமே கேட்கச் சொல்லுங்கள். வளைகுடாச் சார்ஜர் மூன்று தட்டை முள்ளோடு வரும், நம் சுவரில் நுழையாது. அதற்கு அடாப்டர் தேடுவதைவிட இங்கேயே பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையுள்ள சார்ஜர் வாங்கிவிடலாம். அமெரிக்காவிலிருந்து அமேசான் ஃபயர் டேப் வந்தால், அதில் கூகுள் பிளே ஸ்டோர் இருக்காது, அதன் கடையே வேறு. நம் ஊர்ச் செயலிகள் பல அதில் கிடைக்காது.

பழையதாக வந்தால் இன்னொரு சிக்கல். மாமா 'எல்லாம் அழிச்சுட்டேன் மக்கா' என்று சொல்லி, விமானத்திலும் ஏறிப் போய்விடுவார். இங்கே ஆன் செய்தால் அது அவருடைய பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கக்கூடும். ஐபேட் என்றால் ஆப்பிள் கணக்கு. அவருக்கோ மறந்துபோயிருக்கும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு இது, சொந்தக்காரர் என்று அதற்குத் தெரியாது. ஆகவே மாமா ஊரில் இருக்கும்போதே, செட்டிங்ஸில் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகு ரீசெட் செய்து, புதிதாக ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அப்படியே டேப்பை மேசையில் திரை மேலே தெரிய மல்லாக்க வைத்து, முதுகு வீங்கி ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் பேட்டரி உப்பியிருக்கிறது. அது பிள்ளை பக்கம் வரவே கூடாது. யாரிடமாவது சிம் டேப் பழையதாக வாங்கினால் அதன் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்கலாம்.

டேப் வந்துவிட்டது. இனிமேல்தான் அது பிள்ளைக்கான டேப் ஆகப் போகிறது. நம் கடைகளில் குழந்தை டேப் என்று நீலக் கவர், யானைக் கைப்பிடி போட்டு விற்பதெல்லாம் பெரியவர் டேப்பேதான். கவர் விழுந்தால் காப்பாற்றும், உள்ளே வருவதைத் தடுக்காது. தடுப்பது நீங்கள் போடுகிற பூட்டு.

பலரும் செய்வது, தங்கள் கூகுள் கணக்கையே பிள்ளையின் டேப்பில் போட்டுக் கொடுப்பது. அப்புறம் அப்பாவின் போட்டோ, அம்மாவின் மெயில், ராத்திரி பார்த்த குற்றச் செய்தி வீடியோவின் தொடர்ச்சி எல்லாம் அங்கே வந்து நிற்கும். அப்படிச் செய்யாமல், பெற்றோர் கண்காணிப்புக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகப் பிள்ளையின் உண்மையான வயதைப் போட்டுத் தனிக் கணக்கு தொடங்குங்கள். வயதைக் கூட்டிப் போட்டால் பிள்ளைக்கான காவல் எல்லாம் அங்கேயே கழன்றுவிடும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது.

ஃபேமிலி லிங்கில் நாளுக்கு இத்தனை நிமிடம், ராத்திரி இத்தனை மணிக்கு மேல் கிடையாது என்று உங்கள் போனிலிருந்தே வைக்கலாம். பிள்ளை ஒரு செயலியை இறக்கப் பார்த்தால் உங்களுக்கு அனுமதி கேட்டு வரும். அம்மா, அப்பா இருவரையும் அதில் சேர்க்கலாம். மைனி வீட்டில் இப்போது செயலிக்கு அனுமதி கொடுப்பது சார்ஜாவிலிருந்து அண்ணன்தான். இங்கே சாயங்காலம் ஆறு என்றால் அங்கே நாலரை, வேலை முடிகிற நேரம். 'அப்பா, ஓகே குடுங்க' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போகும். ஐபேடில் இதே வேலைகளைச் செய்வது ஸ்க்ரீன் டைம். ஒரே செயலிக்குள் பிள்ளையை நிறுத்திவைக்க ஐபேடில் கைடட் ஆக்சஸ் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செயலியைத் திரையில் குத்தி நிறுத்தும் (பின், pin) வசதி இருக்கிறது. தாத்தாவின் போனைப் பிள்ளை வாங்கும்போதுகூட இது உதவும்.

யூடியூப்பை எடுத்துவிட்டு யூடியூப் கிட்ஸ் போடுங்கள். அதிலும் விளம்பரம் வரும். அதன் உள்ளே வயதுப் பிரிவு இருக்கிறது, அதைவிட நல்லது நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் தெரியும்படி வைப்பது. ஆரம்பத்தில் ஒரு மணி நேர வேலை, பிறகு நிம்மதி. தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்திவிடுங்கள். ஒன்று முடிந்ததும் திரை சும்மா நிற்க வேண்டும், பிள்ளை நிமிர்ந்து பார்க்க ஒரு இடைவெளி கிடைக்கும்.

இலவச விளையாட்டுகளில் பிள்ளை தொடுவதில் பாதி விளம்பரமாகத்தான் இருக்கும். விளம்பரம் இல்லாத இலவசச் செயலிகளும் இருக்கின்றன, தேடவேண்டும். இரண்டிலிருந்து பத்து வயதுக்கான ஜிகாம்ப்ரீ, ஐந்திலிருந்து ஏழு வயதுக்கு நிரல் எழுதுவதைப் படம் நகர்த்திப் பழக்கும் ஸ்கிராட்ச் ஜூனியர் இரண்டுமே நல்லவை. கதைக்கு ஸ்டோரிவீவர் தளம், தமிழிலேயே படக்கதைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் க்யூஆர் கோடை டேப் கேமராவில் காட்டினால் பாடத்துக்கான வீடியோ திறக்கும். பின்கேமராவுக்கு நான் ஒத்துக்கொள்கிற ஒரே வேலை அது.

எங்கள் மாவட்டத்தில் டேப்புக்கு மூன்று எதிரிகள். ஒன்று கடல் காற்று. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வீடு என்றால் சார்ஜ் துளையில் பச்சை பிடிக்கும். இரவில் ஒரு ஜிப் கவரில், செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். மணல் புகுந்தால் ஊசியால் குத்தாமல் உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். இரண்டாவது ஐப்பசி இடி. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி மழை சாயங்காலத்தில் இடியோடு வரும். இடி தொடங்கும் முன்னமே சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எந்தப் பருவத்திலும் சார்ஜில் போட்டுக்கொண்டு பிள்ளை விளையாடக் கூடாது, தலையணைக்கு அடியில் வைக்கவும் கூடாது. சூடுதான் பேட்டரிக்கு ஆகாதது.

மூன்றாவது எதிரி ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பில் போடும் முன் இரண்டு நிமிட வேலை பாக்கி. டப்பாவில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கும், 'ஆர்' என்று தொடங்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த எண் என்று காட்டும். பெயர் பொருந்தவில்லையென்றால் வேண்டாம். அப்புறம், சர்வீஸ் சென்டர் நாகர்கோவிலில் இருக்கிறதா, இல்லை திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். வாரண்டி உள்ளே வரும் கோளாறுக்குத்தான், கண்ணாடி உடைந்தால் கிடையாது. திரை மாற்ற டேப் விலையில் பாதிகூடக் கேட்பார்கள். ஆகவே மூலையில் தடித்த கவரும் டெம்பர்டு கிளாஸும் முதல் நாளே. எங்கள் வீட்டுத் தரை டைல்ஸ். கட்டிலிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் மூலைதான் முதலில் படும்.

மைனி அந்த நாலு கூட்டல் நாலை வாங்கவில்லை. அடுத்த வாரம் நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் நாங்கள் இருவரும் போய், கொஞ்சம் விலை கூட, நாலு ஜிபி ராம், 128 ஜிபி, நீளப் பக்கத்தில் கேமரா உள்ள ஒன்றை எடுத்தோம். நான்தான் ஃபேமிலி லிங்க் போட்டு, டேப்பைத் திறக்க கோடு இழுக்கிற பேட்டர்ன் பூட்டும் வைத்துக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து மைனி போன்.

"தம்பி, இவ தானாத் திறந்துட்டா."

போய்ப் பார்த்தேன். டேப்பைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள் சின்னவள். ஏத்தங்காய் சிப்ஸ் தின்ற கையோடு மைனியே பலமுறை இழுத்த கோடு, திரையில் எண்ணெய்த் தடமாகப் பளபளவென்று தெரிந்தது. அவள் அதன் மேலேயே விரலை ஓட்டியிருக்கிறாள்.

இப்போது ஆறு இலக்க எண். பிறந்த நாளும் கல்யாண நாளும் வைக்கக் கூடாது என்று மைனியிடம் சொல்லியிருக்கிறேன். சிப்ஸ் டப்பா அலமாரி மேல்தட்டுக்குப் போயிருக்கிறது.